சான்றிதழ்க் கட்டும் ஒரு துண்டு வெண்கட்டியும்

நாட்டை விட்டு வெளிக்கிட்ட நேரத்தில் நாம் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற கதை எமது வீடுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நகையை எடுத்தவர்கள் உண்டு. கலியாண அல்பத்தை எடுத்தவர்கள் உண்டு. ஆனால் எல்லாரும் எடுத்த பொருள் ஒன்றிருந்தது: சான்றிதழ்க் கட்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, பட்டம், நியமனக் கடிதம், அதிபர் எழுதித் தந்த நற்சான்று. மழை படாமல் பொலித்தீன் உறைக்குள் போட்டு, நூலாற் கட்டி, கிளாலிக் கடலைப் படகிற் கடந்த இரவிலும் மடியில் வைத்திருந்தோம். வீட்டுத் திறப்பைத் தொலைத்தவர்கள்கூட அந்தக் கட்டைத் தொலைக்கவில்லை.

சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் வந்து அந்தக் கட்டை அவிழ்த்தபோது என்ன நடந்தது என்பதும் எமக்குள் எல்லாரும் அறிந்த கதையே. எமது பட்டம் இங்குள்ள எந்தத் தரத்துக்குச் சமம் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தத் தரம் நாம் நினைத்ததிலும் இரண்டு படி கீழே இருந்தது. நேர்முகப் பரீட்சைகளில் "உள்ளூர் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி வந்தது. இருபது வருடம் கணிதம் படிப்பித்தவர் அதிகாலையில் அலுவலகக் கட்டடங்களின் கழிப்பறைகளைக் கழுவினார். பொறியியலாளர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்கு நின்றார். ஊரில் இருந்து கடிதம் வந்தால், "வேலை பரவாயில்லை" என்று மட்டும் பதில் எழுதினோம்.

அவை அநியாயங்கள். அவற்றை நியாயம் என்று நிறுவ இதை எழுதவில்லை. ஆனால் அந்த இரவுகளில், துடைப்பத்தோடு ஆளில்லாத கட்டடத்தில் தனியே நின்றபோது, வேறொரு கேள்வியும் எமக்குள் எழுந்தது. அந்தக் கட்டை எம்மிடமிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார்? இந்தக் கேள்வியைச் சுற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாகச் சண்டையிட்டு வந்த ஒரு மரபு உண்டு. கிறிஸ்தவத்தில் அதன் பெயர் கிருபை. எம்மிற் பலர் சைவர்கள். கிறிஸ்தவர்களும் எம்மிடையே உண்டு. யாரையும் மாற்றுவது எமது நோக்கமன்று. அந்த மரபின் வரலாறு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையையும் இந்தச் சிட்னித் துறைமுகத்தையும் தொட்டுக்கொண்டு போவதால், அதை ஒருமுறை எமது கண்ணாற் பார்ப்பது பயனுடையது.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். புரட்டஸ்தாந்தர் 'கிருபை' என்பதைக் கத்தோலிக்கர் இன்று 'அருள்' என்கின்றனர். எமது பாட்டிமார் சொன்ன பழைய கத்தோலிக்க செபங்களில் 'பிரியதத்தம்' என்று இருந்தது. பிரியத்தால் தரப்பட்டது என்பதே அதன் பொருள். சம்பளம், பரிசு, புலமைப்பரிசில் ஆகிய மூன்றும் எமது முயற்சிக்குக் கிடைப்பவை. பிரியதத்தம் அப்படியன்று. தருபவரின் பிரியம் ஒன்றே அதற்குக் காரணம். பெறுபவரின் தகுதி அங்கே கணக்கில் இல்லை. இது சைவருக்குப் புதிதான எண்ணமும் அல்ல. இறைவனை வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்பதை மாணிக்கவாசகரிடம் நாம் படித்திருக்கிறோம். அவரும் பாண்டியனின் அமைச்சுப் பதவியை விட்டு வந்தவர்தான்.

கிறிஸ்தவத்தில் இந்த எண்ணத்தைக் கூர்மையாக்கியவர் பவுல். அவரிடமும் ஒரு சான்றிதழ்க் கட்டு இருந்தது. சிறையிலிருந்து பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயர் கட்சி, நியாயப்பிரமாணத்தின்படி குற்றமற்ற வாழ்க்கை. கமாலியேலிடம் படித்தவர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இவ்வளவையும் அடுக்கிவிட்டு, இவை யாவும் இப்போது எனக்கு நட்டம், குப்பை என்று எழுதுகிறார். இவற்றில் எதுவும் பொய்யென்று அவர் சொல்லவில்லை. கடவுளுக்கு முன்னால் நிற்பதற்கு இவை உதவா என்பதே அவர் கண்டது.

இந்த எண்ணத்தைச் சபையே பலமுறை மறந்தது. பலமுறை மீண்டும் கண்டெடுத்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ இயலும் என்று பெலாஜியஸ் போதித்தார். வட ஆபிரிக்காவின் அகஸ்தீன் அதை மறுத்தார். 418 இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸின் கொள்கையைத் தள்ளியது. ஆயிரம் வருடங்களின் பின், நோன்பாலும் விழிப்பாலும் உடலை வருத்தி மீட்பைத் தேடிக் களைத்த ஜெர்மனியத் துறவி மார்ட்டின் லூதர், 1517 இல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து எழுதினார். 1546 இல் அவர் இறந்தபோது கிடைத்த கடைசிக் குறிப்பு, நாம் எல்லாரும் பிச்சைக்காரர் என்ற பொருளில் இருந்தது. ஏற்பது இகழ்ச்சி என்று அரிச்சுவடியோடு படித்து வளர்ந்த எமக்கு அதைக் கேட்கவே கூசுகிறது. கிருபை என்ற சொல்லின் கடினம் அந்தக் கூச்சத்திலேதான் இருக்கிறது.

*

இனி எமது ஊருக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்கள் லூதரின் வழியில் வந்தவர்கள். மனிதன் தன் கிரியைகளினால் மீட்படைய முடியாது, கிருபையினால் மட்டுமே என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தியின் சாரம். அதைச் சொல்வதற்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்தனர். 1823 இல் டானியல் பூவரின் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. அடுத்த வருடம் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. வட்டுக்கோட்டையில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் உயர்ந்த தரத்திற் படிப்பிக்கப்பட்டன.

எமது முன்னோர் அங்கு போனார்கள். கூர்ந்து படித்தார்கள். கிருபையைப் பற்றிய பிரசங்கத்தையும் பொறுமையோடு கேட்டார்கள். பிறகு ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். எழுதுவினைஞர், நில அளவையாளர், ஆசிரியர் என்று இலங்கை முழுவதும், பின்னர் மலாயாவரை பரவினார்கள். 1855 இல், மிஷனின் தலைமைச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்துச் சென்றதைத் தொடர்ந்து, செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி ஊழியக்காரரை உண்டாக்குவதற்குப் பதிலாக உத்தியோகத்தரை உண்டாக்குகிறது என்பது முக்கியமான காரணம். அதே வருடந்தான் டானியல் பூவரும் மானிப்பாயில் கொலராவால் இறந்தார். இரண்டு வருடங்களின் பின், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக இருவர் தேறினர். சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய அந்த இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்து எமக்குத் தந்தார்.

இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. வறண்ட மண், குறைந்த மழை, தோட்டக் கிணற்றுத் தண்ணீர் என்று வாழ்ந்த சனத்துக்குக் கல்வியே வயல் ஆனது. 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், 1872 இல் வட்டுக்கோட்டையில் மறுபடி யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததும், பின்னர் ஊருக்கு ஊர் கல்லூரிகள் வந்ததும் அந்த வயலைப் பெருப்பித்தன. ஆனால் வரலாற்றின் முரணையும் பார்க்க வேண்டும். எந்தத் தகுதியும் கேட்காத ஒரு செய்தியைச் சொல்ல வந்தவர்களிடமிருந்து நாம் தகுதியைப் பெறும் வழியையே கற்றுக்கொண்டோம். கொடுத்தவர்களும் அப்படியே ஆயினர். அவர்களுடைய பள்ளிகளிலும் புள்ளி, வகுப்பு, பரிசளிப்பு விழா என்றுதான் நடந்தது. சைவப் பள்ளியானாலும் கிறிஸ்தவப் பள்ளியானாலும் யாழ்ப்பாணத்தான் கும்பிட்ட மூன்றாவது தெய்வம் பெறுபேற்றுப் பலகை.

பிறகு 1970 களில் தரப்படுத்தல் வந்து அந்தப் பலகையைக் கவிழ்த்தது. 1981 இல் நூலகம் எரிந்தது. 1983 இல் வீடுகள் எரிந்தன. ஒரு சமூகம் தான் சம்பாதித்ததையே தன் அரண் என்று நம்பியிருந்தபோது, சம்பாதித்தவற்றைக் குறிபார்த்தே அடி விழுந்தது. அதனாலேதான் மிஞ்சிய காகிதக் கட்டை அவ்வளவு இறுக்கிப் பிடித்தோம்.

*

நாம் வந்திறங்கிய சிட்னிக்கும் கிருபையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1788 ஜனவரி 26 ஆம் திகதி பதினொரு கப்பல்கள் கொண்ட முதற் கப்பல் தொகுதி இத்துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது, அதில் ரிச்சர்ட் ஜோன்சன் என்ற ஒரு குருவானவரும் வந்தார். அவர் தெரிவு செய்யப்படுவதற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் இலண்டனில் குருவாக இருந்த ஜோன் நியூட்டன். உலகம் முழுவதும் பாடப்படும் 'அமேசிங் கிறேஸ்' என்ற கிருபைப் பாட்டை எழுதியவர் அவரே.

நியூட்டன் அடிமைக் கப்பலோட்டி. 1748 இல் அத்திலாந்திக் புயலில் கப்பல் அமிழப் பார்த்தபோது கடவுளை அழைத்தார், பிழைத்தார். அந்த நாளையே தன் மனமாற்றத்தின் நாளாகக் கொண்டாடினார். ஆனால் அதன் பின்னும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில்தான் போனார். கடைசியில் நிறுத்தியதும் நோயினால். கிருபை பெற்ற மனிதனின் கப்பலடியில் விலங்கிட்ட மனிதர் கிடந்தனர். அந்தத் தொழிலை வெளிப்படையாகக் கண்டித்து அவர் புத்தகம் எழுதியது 1788 இல், அதாவது ஜோன்சன் சிட்னியில் இறங்கிய அதே வருடத்தில். தான் செய்ததை மறைக்காமல், அவமானத்தோடு எழுதினார். பிரித்தானியா அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த 1807 இல் இறந்தார். கிருபை என்பது செய்த பிழையை அழித்துவிடும் இறப்பர் அன்று. பிழையைப் பிழையென்று சொல்லப் பயப்படாத நிலைக்கு மனிதனைக் கொண்டுவருவது என்று இந்த வாழ்க்கையிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம். அதற்கு அவருக்கு நாற்பது வருடம் எடுத்தது.

ஜோன்சன் 1788 பெப்ரவரி 3 ஆம் திகதி ஒரு மரத்தின் கீழ் முதல் ஆராதனையை நடத்தினார். பெற்ற நன்மைகளுக்கெல்லாம் கடவுளுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று கேட்கும் 116 ஆம் சங்கீதத்தின் வசனத்தை அன்று பிரசங்கத்துக்கு எடுத்தார். கேட்டுக்கொண்டு நின்றவர்களிற் பெரும்பாலோர் நாடுகடத்தப்பட்ட கைதிகள். ரொட்டி திருடியவர், துணி திருடியவர், ஊருக்குத் திரும்பவே முடியாதவர். அவர்கள் நின்ற நிலமோ கடிகல் மக்களுடையது. யாரும் அவர்களிடம் கேட்டு இறங்கவில்லை. அடுத்த வருடம் அம்மை நோய் அம்மக்களை வாரிக்கொண்டு போனது. பெற்றோரை இழந்த பூரோங் என்ற சிறுமியை ஜோன்சன் குடும்பம் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தது. நன்மைகளை எண்ணிப் பார்க்கச் சொன்ன அந்தப் பிரசங்கத்தை, இழந்தவர்களின் பக்கத்திலிருந்தும் கேட்க நாம் பழகவேண்டும்.

ஐந்து வருடமாக அரசாங்கம் கோயில் கட்டிக் கொடுக்காததால், 1793 இல் ஜோன்சன் தன் கைப்பணம் அறுபத்தேழு பவுணுக்கு மேல் போட்டு, மரச்சட்டமும் தடியும் களிமண்ணும் கொண்டு ஒன்றைக் கட்டினார். 1798 அக்டோபரில் அது எரிந்துபோனது. 1800 இல் களைத்துப்போய் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஹன்டர் வீதியும் பிளை வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய நினைவுச் சின்னம் மட்டும் நிற்கிறது. சாதனை என்று பட்டியலிட அவரிடம் அதிகம் இல்லை.

*

ஜோன்சனிடம் பட்டமாவது இருந்தது. ஆர்தர் ஸ்ரேஸிடம் அதுவும் இல்லை. 1885 இல் சிட்னியின் ரெட்பேர்னில் குடிகாரப் பெற்றோருக்குப் பிறந்தார். பள்ளிப் படிப்பு இல்லை என்றே சொல்லலாம். இளவயதிலேயே குடி, சிறை. சூதாட்ட இடங்களுக்கு வெளியே பொலிஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் செய்தார். முதலாம் உலகப் போருக்கும் போய் வந்தார். 1930 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், புரோட்வே வீதியிலுள்ள சென். பார்ணபஸ் கோயிலுக்குள் நுழைந்தார். பிரசங்கத்தின் முடிவில் தேநீரும் கேக்கும் கொடுப்பார்கள் என்பதே அவர் போன காரணம். குடியை விட்டு வெளியே வந்தார்.

1932 நவம்பரில் டார்லிங்ஹேர்ஸ்ட் பாப்திஸ்த கோயிலில் ஜோன் ரிட்லி என்பவரின் பிரசங்கத்தைக் கேட்டார். நித்தியம் என்ற சொல்லைச் சிட்னியின் வீதியெங்கும் முழங்க முடிந்தால் என்ற ஏக்கம் அந்தப் பிரசங்கத்தில் இருந்தது. வெளியே வந்த ஸ்ரேஸின் சட்டைப்பையில் ஒரு துண்டு வெண்கட்டி கிடந்தது. குனிந்து நடைபாதையில் எழுதினார்: 'இற்றேர்னிற்றி', நித்தியம். தன் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாத தனக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி அவ்வளவு அழகான சுழி எழுத்தில் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்று தொடங்கி முப்பத்தைந்து வருடம், அதிகாலையில் எழுந்து, செபம் செய்து, வீதிக்குப் போய் அந்த ஒரு சொல்லை எழுதினார். ஏறக்குறைய ஐந்து இலட்சம் தடவைகள் என்று மதிப்பிடுகிறார்கள். மழை அழித்தது, கால்கள் அழித்தன, அடுத்த நாள் மறுபடி எழுதினார். யார் எழுதுகிறார்கள் என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சிட்னிக்குத் தெரியாது. அவர் துப்புரவு வேலை செய்த கோயிலின் குருவானவர் லைல் தொம்சன், ஒருநாள் அவர் குனிந்து எழுதுவதைக் கண்டுவிட்டார். 1956 இல் பத்திரிகையில் வந்தது. 1967 இல் இறந்தார்; தன் உடலையும் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். போர்க்காலத்தில் கழற்றி வைத்த தலைமைத் தபாலகத்தின் மணியை 1960 களில் திரும்ப ஏற்றியபோது, அதன் உட்புறத்தில் அவருடைய அந்தச் சொல் இருந்தது. 2000 ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் துறைமுகப் பாலத்தில் அதே எழுத்து வெளிச்சமாய் எரிந்ததை எம்மிற் பலர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பார்த்தோம். அது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கையெழுத்து என்று அன்று எமக்குத் தெரிந்திருந்தால், எம்மோடு வந்து நின்ற அந்தக் கணித ஆசிரியருக்குச் சொல்லியிருப்போம்.

ஸ்ரேஸுக்கு அந்த எழுத்து சாதனையாகத் தோன்றியிருக்க முடியாது. மழை வந்தால் போய்விடும் பொருளை யாரும் சாதனை என்று எடுத்து வைப்பதில்லை. தனக்கு இலவசமாகக் கிடைத்ததற்கு அவர் செய்த நன்றி அது. கிருபை மனிதனைச் சோம்பேறியாக்கும் என்பாருக்கு இந்த முப்பத்தைந்து வருடமே பதில். விட்டுவிடச் சொல்வது உழைப்பை அன்று. உழைப்பைக் காட்டி "நான் இன்னார்" என்று நிற்பதை.

*

இனி எம்மைப் பற்றி. அந்தக் கட்டு இப்போது எங்கே? அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டோம். செலெக்ரிவ் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வயதிலிருந்து ரியூசன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் ஏற்றார் புள்ளி. புள்ளி வந்த அன்று தொலைபேசி எடுப்பவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே ஒரு கோடு. கலை நிகழ்ச்சிகளில் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது பட்டங்களைச் சொல்லி முடிக்கவே கால்மணி நேரம் போகிறது. எமக்கு நடந்த அவமானத்தைப் பிள்ளையின் புள்ளியாற் கழுவப் பார்க்கிறோம். குறைவாக எடுத்த பிள்ளை எமது விழாக்களுக்கு வருவதை நிறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில், காலையில் வந்தவருக்கும் வேலை கிடைக்காமல் பின்னேரம் ஐந்து மணிவரை சந்தையில் நின்றவருக்கும் தோட்டக்காரன் ஒரே கூலியைக் கொடுக்கிறான். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவர் எவரும் அந்த முணுமுணுப்பவரின் பக்கந்தான் நிற்பார். அது எமது கணக்கு. நாம் புள்ளி முறையில் தேறி விமானத்தில் வந்தவர்கள். 2009 இன் பின்னர் படகில் வந்தவர்களிற் பலர் வருடக்கணக்காகத் தற்காலிக விசாவிலேயே கிடந்தனர். அவர்களைப் பற்றி எமது வரவேற்பறைகளில் பேசப்பட்டதை நாமே கேட்டோம்: "படிக்காதவர்கள்", "வரிசையில் நிற்காமல் வந்தவர்கள்", "எங்கட பேரைக் கெடுப்பவர்கள்". காலையில் வந்தவனின் முணுமுணுப்பு அது.

அடைக்கலம் உரிமை, 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் தருவது. அதைத் தன் கிருபை என்று சொல்ல எந்த அரசுக்கும் நாம் இடங்கொடுக்கக் கூடாது. கல்வித் தகுதிகளைச் சரியாக மதிக்கும்படி கேட்பதும் நியாயமே; அதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் எமக்குள், ஒருவரை ஒருவர் பார்க்கும்போது, அந்தக் கணக்கை மூடி வைக்கலாம். ஷெல் விழுந்த இரவில் பக்கத்து வீட்டான் தப்பாமல் நாம் தப்பியதற்கு எமது பட்டம் காரணம் அன்று. படகோட்டி எமது பெறுபேற்றைக் கேட்டு எம்மை ஏற்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வவுனியாவில் சோறு தந்தார்கள். கொழும்பில் ஒளிக்க இடம் தந்தார்கள். இப்போது உயிரோடு இருக்கிறோம் என்பதே நாம் சம்பாதிக்காத ஒன்று. சைவர் அதை அருள் என்று சொல்லலாம். கிறிஸ்தவர் கிருபை என்று சொல்லலாம். பெயர் சொல்ல விரும்பாதவர் சும்மா இருக்கலாம்.

அடுத்த மார்கழியில் பெறுபேறு வரும்போது, புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு முதலில் தொலைபேசி எடுப்போம். புள்ளி எவ்வளவு என்று கேட்காமல், சாப்பிட வரச் சொல்வோம்.